குளம் வெட்டுமுன் கம்பியை நினையுங்கள்

வீட்டின் பின்புறத்தில் சின்னதாக ஒரு நீச்சல் குளம். அதன் ஓரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி. முழங்கால் வலியோடு காலந்தள்ளும் தாத்தா தொட்டியில் சாய்ந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் குளத்தில் துள்ளிக் குதிக்கிறார்கள். இப்படி ஓர் ஆசை உங்கள் வீட்டில் எழுந்தால் அதில் தவறே இல்லை. ஒரு காலத்தில் நீச்சல் குளம் என்றால் அது துரைமார் கிளப்பில் இருப்பது. நம் பிள்ளைகளுக்கு ஆறும் வாய்க்காலும்தான் குளம். இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண் தாமான்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அப்பாவின் சேமநிதிப் பணமும் மகனின் சம்பளமும் சேர்ந்தால், பின்புறத்தில் ஒரு குளம் கட்டுவது எட்டாத கனியல்ல.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஓடு என்ன நிறம், ஆழம் எத்தனை அடி, பந்தல் போடலாமா என்று மாதக் கணக்கில் பேசுகிறோம். மின்சாரத்தைப் பற்றிக் கடைசி வாரத்தில்தான் நினைப்பு வருகிறது. "தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். சமையலறை பிளக்கிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுப்பார்" என்று முடித்துவிடுகிறோம். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கப்போகும் இடம் அது. அங்கே இறங்கப்போவது நம் குழந்தைகள்.

ஈர உடம்பு

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். நனைந்த தோலுக்கு அந்தப் பலம் கிடையாது. சுமார் 10 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரில் மூச்சே தடைப்படலாம். இது எவ்வளவு சிறிய அளவு தெரியுமா? பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய 400 மில்லி ஆம்பியருக்கு மேல் தேவை. அதில் பதினான்கில் ஒரு பங்கு போதும், ஓர் உயிரை அபாயத்தில் தள்ள.

நீருக்குள் இருப்பவருக்கு இன்னும் மோசம். கை கால் விறைத்தால் போதும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். உடம்பில் ஒரு காயமும் இருக்காது. பார்ப்பவர்கள், "நீச்சல் தெரியாமல் போய்விட்டதே" என்பார்கள்.

பியூஸ் காப்பாற்றாதா?

"பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று கேட்பீர்கள். பியூஸ் காப்பது கம்பியை, ஆளை அல்ல. 13 ஆம்பியர் பியூஸ் உருக அதற்கும் மேற்பட்ட மின்சாரம் ஓட வேண்டும். மனிதனைக் கொல்லும் அளவோ ஒரு ஆம்பியரில் நூற்றுக்குச் சில பங்கு. பியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பதற்கென்று வேறொரு கருவி இருக்கிறது. ஆர்.சி.டி. என்பார்கள். பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வதுண்டு. மெயின் சுவிட்சுப் பெட்டியில் சிறு பொத்தானோடு இருக்குமே, அதுதான். அதன் வேலையை நம் தோட்டப்புறத்தாருக்குச் சொல்வது எளிது. பால் நிறுக்கும் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து புறப்பட்ட பால் கொட்டகைக்கு வந்து சேரும்போது குறைந்திருந்தால், "வழியில் எங்கே கொட்டியது?" என்று கேட்பார் அல்லவா? இந்தக் கருவியும் அப்படியே. ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் முழுசாகத் திரும்புகிறதா என்று ஓயாமல் நிறுத்துப் பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும், யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று கணக்கிட்டு, கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

அமெரிக்காவில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், மின்சாரம் மனித உடம்பை என்ன செய்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர். இவ்வகைக் கருவி ஒன்றை அவர் 1961-இல் உருவாக்கினார். 1968-இல் அந்நாட்டு மின்கம்பி விதிகள், நீச்சல் குளத்தின் நீரடி விளக்குகளுக்கு அதைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள், தரை நனையக்கூடிய இடங்களில் 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத ஆர்.சி.டி.யும், கையில் பிடித்து உபயோகிக்கும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாததும் வேண்டும் என்கின்றன. வீட்டு மெயினில் இருக்கும் 100 மில்லி ஆம்பியர் ஒன்றை மட்டும் நம்பிக் குளத்தில் இறங்கக் கூடாது.

முதலில் காகிதம்

மண்வெட்டியைத் தொடுமுன் ஒரு காகிதத்தை எடுங்கள். வீடு, குளம், தொட்டி, பம்பு அறை நான்கையும் அதில் வரையுங்கள்.

முதற் கணக்கு, மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்பது. பம்புக்கு 1,000 வாட், தொட்டியின் தண்ணீர் சூடாக்கிக்கு 3,000 வாட், காற்றூதிக்கு 800, விளக்குகளுக்கு 200. மொத்தம் 5,000 வாட். 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 22 ஆம்பியர். வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஏர்கோன், குளியலறை வெந்நீர்ச் சாதனம், கெத்தல், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 8,000 வாட்டைத் தாண்டிவிடும். ஒருமுனை இணைப்புக்கு உச்ச அளவு 12 கிலோ வோல்ட் ஆம்பியர்தான். ஆகவே மும்முனை இணைப்பு தேவைப்படலாம். குளத்தைக் கட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் செலவு இரட்டிப்பாகும்.

மாதாமாதம் வரும் பில்லையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 12 யூனிட் மின்சாரம் செலவாகும். 3,000 வாட் சூடாக்கிக்கு அது நான்கு மணி நேர வேலை.

இரண்டாவது, தூரம். மலேசியாவும் ஏற்றுக்கொண்டுள்ள அனைத்துலகத் தரம், குளத்தைச் சுற்றியுள்ள இடத்தை வட்டங்களாகப் பிரிக்கிறது. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை ஒன்று, அதற்கப்பால் 1.5 மீட்டர் வரை இன்னொன்று. நமக்கு நினைவில் நிற்க ஒரே எண் போதும்: மூன்றரை மீட்டர். பிளக், சுவிட்சு, பம்பு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் அந்தத் தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும். நீரடி விளக்கு 12 வோல்ட்டில் எரிவதாக இருக்கட்டும். அதற்கென்றே செய்த பாதுகாப்பு டிரான்ஸ்பார்மரிலிருந்து வரட்டும். குளத்துக்கு மேலே எந்தக் கம்பியும் தொங்கக் கூடாது. இலை அள்ளும் வலையின் அலுமினியக் கழி எவ்வளவு நீளம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, எர்த். ஏணி, கைப்பிடி, பம்பின் உடல், குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இவை அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து எர்த்தோடு சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஒரு கை ஏணியிலும் மறு கை நீரிலும் இருப்பவருக்கு இரண்டுக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் இராது. கான்கிரீட் ஊற்றிய பிறகு உள்ளிரும்பைத் தேட முடியாது. மின்சார யோசனை முதலில் வர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நான்காவது, மண்ணுக்குள் போகும் கம்பி. அது குழாய்க்குள் போக வேண்டும், அல்லது கவசம் உள்ள கம்பியாக இருக்க வேண்டும். மேலே எச்சரிக்கை நாடா வேண்டும். எந்த வழியில் போகிறது என்று வரைந்து பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வாழைக்கன்று நடப்போகும் மருமகளுக்கு அந்த வரைபடம் உயிர்க்காப்பு.

யாரிடம் கொடுப்பது?

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம் கொடுங்கள். அவருடைய வயர்மேனின் தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது ஒருமுனைக்கு மட்டுமா, மும்முனைக்குமா என்றும் பாருங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல தொழிலாளி மகிழ்ச்சியோடு காட்டுவார். வேலை முடிந்ததும் மேற்பார்வைச் சான்றிதழும் சோதனைச் சான்றிதழும் கையில் வந்த பிறகே கடைசித் தவணைப் பணம் கொடுங்கள். பணம் போதவில்லையா? ஓட்டிலும் பந்தலிலும் சிக்கனம் பிடியுங்கள். வெந்நீர்த் தொட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். எர்த்திலும் ஆர்.சி.டி.யிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

குளம் கட்டாதவருக்கு

"எங்களுக்குக் குளமும் இல்லை, குட்டையும் இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குக் காற்றடைத்த பிளாஸ்டிக் குளம் வாங்கி, நீட்டிப்புக் கம்பியில் பம்பு ஓட்டுகிறோமே, அதற்கும் இதே சட்டம்தான். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பம்பின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மீன் தொட்டிக்குள் கைவிடுமுன் சுவிட்சை அணையுங்கள். பிறந்தநாளுக்குக் குளம் உள்ள வாடகை வீடு எடுக்கிறீர்களா? பிள்ளைகளை இறக்குமுன் வீட்டுக்காரரிடம் ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் டக்கென்று நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அன்றைக்குக் குளியல் வேண்டாம். உங்கள் வீட்டிலும் மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் தாமாகக் கம்பி இழுக்க வேண்டாம். தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்சார வசதி செய்து தருவதை 1990-ஆம் ஆண்டின் சட்டம் முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. பழுதை நிர்வாகத்திடம் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இன்னும் ஒன்று. ஜெராய் மலைப் பக்கம் மேகம் கறுத்து இடி கேட்டால், எந்தக் கருவியையும் நம்பாமல் எல்லாரும் கரையேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து இறங்கினால் போதும். யாராவது நீரில் அசைவற்றுக் கிடந்தால், பாசம் உங்களைக் குதிக்கச் சொல்லும். குதிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு தூக்குங்கள். 999-ஐ அழைத்து, மூச்சு இல்லையென்றால் உடனே உயிர்ப்பூட்டும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் உங்கள் மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தச் சிறு பொத்தான் இருக்கிறதா? அழுத்தினால் வீடு இருள்கிறதா? இருண்டால் நிம்மதியாக மறுபடி விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.