ஈராக்கை இரண்டு முறை சோதித்தவர்: ஹான்ஸ் பிளிக்ஸின் பொதுவாழ்வு

2003ஆம் ஆண்டு ஈராக் போருக்கு முந்தைய மாதங்களில் உலகச் செய்திகளில் நாள்தோறும் அடிபட்ட பெயர்களுள் ஒன்று, ஸ்வீடன் நாட்டு அரசதந்திரியும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான ஹான்ஸ் பிளிக்ஸின் பெயர். ஈராக் அதிபர் சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களை, அதாவது அணு, வேதியியல், உயிரியல் ஆயுதங்களை, பதுக்கி வைத்திருக்கிறாரா என்ற கேள்விக்கு அவர் சொல்லப்போகும் விடையைப் பொறுத்தே போர் மூளும் அல்லது தவிர்க்கப்படும் என்று பலரும் நம்பினர். அப்போது அவர் கடைப்பிடித்த நிதானத்தைச் சிலர் துணிவாகப் போற்றினர், சிலர் தயக்கமாக இகழ்ந்தனர். எனினும் அந்த நிதானத்தின் வேரை அவருடைய சுபாவத்தில் மட்டும் தேடுவது போதாது. அதே ஈராக்கில் 1991இல் அவர் தலைமை வகித்த அமைப்புக்கு நேர்ந்த பெரும் தோல்வியிலும் அதைத் தேட வேண்டும்.

1928 ஜூன் 28 அன்று உப்சாலா நகரில் பிறந்த பிளிக்ஸ், அந்நகரப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கொலம்பியா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும் பயின்று, 1960இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டத்துறையின் இணைப் பேராசிரியரானார். 1963 முதல் 1976 வரை ஸ்வீடன் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகராக இருந்த அவர், ஜெனீவா ஆயுதக்குறைப்பு மாநாட்டில் தம் நாட்டுக் குழுவின் உறுப்பினராகவும் நீண்ட காலம் பணியாற்றினார். லிபரல் கட்சியைச் சேர்ந்த ஓலா உல்ஸ்டென், 349 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் வெறும் 39 உறுப்பினர்களின் பலத்தோடு 1978 அக்டோபரில் அமைத்த சிறுபான்மை அரசில் பிளிக்ஸ் வெளியுறவு அமைச்சரானார். அந்த அரசே ஓராண்டுதான் நீடித்தது என்பதால், அமைச்சராக அவர் விட்டுச்சென்ற தடம் பெரிதன்று. 1980இல் அணுமின்சாரம் குறித்து ஸ்வீடனில் நடந்த பொதுவாக்கெடுப்பில், இயங்கும் உலைகளை உடனே மூடக்கூடாது என்ற தரப்பில் தம் லிபரல் கட்சியின் பிரசாரத்தை அவர் வழிநடத்தியது அதைவிட விளைவுகள் மிகுந்தது. மறு ஆண்டின் இறுதியில் அவர் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் தலைமை இயக்குநர் பொறுப்பை ஏற்றபோது, அணுசக்தியின் ஆதரவாளர் என்ற அடையாளம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

1957இல் தொடங்கப்பட்ட இந்த முகமைக்கு ஒன்றோடொன்று உரசும் இரு கடமைகள் உண்டு. அணுசக்தியின் அமைதிவழிப் பயன்பாட்டை வளர்ப்பது ஒன்று. அவ்வாறு தரப்பட்ட அணுப்பொருள் ஆயுதமாக மாற்றப்படாமல் கண்காணிப்பது மற்றொன்று. 1986 ஏப்ரலில் செர்னோபில் உலை வெடித்தபோது முதற்கடமையின் மீதே ஐயம் எழுந்தது. மே மாதம் சோவியத் அரசின் அழைப்பின் பேரில் அங்கு சென்று, ஹெலிகாப்டரிலிருந்து சேதத்தை நேரில் கண்ட பிளிக்ஸ், விபத்து நேர்ந்தால் அண்டை நாடுகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட நாட்டுக்கு உதவ வேண்டும் என்றும் வகுக்கும் இரு உடன்படிக்கைகள் அதே ஆண்டு செப்டம்பருக்குள் நிறைவேற முன்னின்றார். பல்லாண்டுகள் இழுபடும் சர்வதேசச் சட்ட உலகில் இது வியப்பூட்டும் வேகம்.

இரண்டாம் கடமையில்தான் முகமை சறுக்கியது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, தன்னிடமுள்ள யுரேனியம், புளூட்டோனியம் ஆகியவற்றின் கணக்கை முகமைக்கு அளிக்கும்; ஆய்வாளர்கள் வந்து அக்கணக்கு சரியா என்று பார்ப்பார்கள். கணக்கில் காட்டப்படாத இடத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நடைமுறையில் இல்லை. வரவு செலவுப் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டுக் கிடங்கைத் திறக்காமல் திரும்பும் தணிக்கையாளரின் நிலையே ஆய்வாளர்களுடையது. பாக்தாத் அருகே துவைதா அணு ஆய்வு வளாகத்தில் அவர்கள் முறையாகச் சோதனை நடத்தி, குறையேதுமில்லை என்று எழுதிவந்த காலத்தில், அதே வளாகத்தின் வேறு கட்டடங்களில் ஆயுதத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 687ஆம் தீர்மானம் தந்த விரிந்த அதிகாரத்தோடு ஆய்வாளர்கள் மீண்டும் நுழைந்தபோது, யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்கான, அதாவது அதில் பிளவுறும் தன்மையுள்ள கூறின் விகிதத்தைக் கூட்டுவதற்கான, பெரும் மறைமுக முயற்சி வெளிப்பட்டது. முகமையின் நம்பகத்தன்மைக்கு விழுந்த அடி அது. தலைவர் என்ற முறையில் பிளிக்ஸும் அப்பழியில் பங்குடையவரே.

அப்பழியை அவர் சீர்திருத்தத்திற்குப் பயன்படுத்தினார். 1992இல் வடகொரியா, தான் ஒரே ஒரு முறை சிறிதளவு புளூட்டோனியம் பிரித்தெடுத்ததாகக் கணக்குக் காட்டியபோது, ஆய்வாளர்கள் எடுத்த மாதிரிகள் அது பல முறை நடந்திருப்பதைக் காட்டின. கணக்கில் வராத இரு இடங்களையும் திறந்துகாட்டுமாறு பிளிக்ஸ் சிறப்புச் சோதனை கோரினார். வடகொரியா அதை மறுத்து, 1993 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. 1997 மே மாதம், அவர் பதவி விலகுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அறிவிக்கப்படாத இடங்களையும் பார்வையிடவும் சுற்றுப்புற மாதிரிகள் எடுக்கவும் உரிமை தரும் கூடுதல் நெறிமுறை என்ற மாதிரி ஒப்பந்தத்தை முகமையின் ஆளுநர் குழு ஏற்றது.

ஓய்வில் இருந்தவரை 2000ஆம் ஆண்டில் ஐ.நா. மீண்டும் அழைத்தது. ஈராக்கின் வேதியியல், உயிரியல் ஆயுதங்களையும் ஏவுகணைகளையும் சோதிக்க அமைக்கப்பட்ட புதிய ஆணையத்திற்கு அவர் தலைவரானார். அணு ஆயுதம் குறித்த சோதனை, முகமையில் அவருக்கு அடுத்து வந்த முகமது எல்பரதேயிடம் இருந்தது. 2002 நவம்பர் 27 முதல் மறு ஆண்டு மார்ச் வரை 400க்கும் மேற்பட்ட இடங்களில் 700க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அனுமதிக்கப்பட்ட 150 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிய அல் சமூத் ஏவுகணைகள் ஐ.நா. மேற்பார்வையில் அழிக்கப்பட்டன. பேரழிவு ஆயுதக் கையிருப்பு ஏதும் அகப்படவில்லை.

இங்கேதான் பழைய பாடம் வேலை செய்தது. அகப்படவில்லை என்பதாலேயே ஆயுதம் இல்லை என்று அறிவிக்க, 1991ஐக் கண்ட பிளிக்ஸ் ஒப்பவில்லை. ஆந்த்ராக்ஸ் கிருமி, வி.எக்ஸ். என்னும் நரம்பு நஞ்சு ஆகியவற்றின் பழைய கையிருப்புக்கு ஈராக் சரியான கணக்குத் தரவில்லை என்று கடிந்துரைத்தார். அதேபோல், கணக்கில் வராத ஒன்று கைவசம் இருக்கிறது என்று முடிவுகட்டவும் அவர் மறுத்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் காட்டிய செயற்கைக்கோள் படங்களில் ஓரிடத்து நடமாட்டம் வழக்கமான பணியாகவும் இருக்கக்கூடும் என்று பிப்ரவரி 14 அன்று பாதுகாப்பு அவையிலேயே கூறினார். இரண்டரை இலட்சம் படையினர் புகுந்து மிகச் சிறிதளவே கண்டெடுத்தால் அது அபத்தமாகிவிடும் என்று பிரிட்டன் பிரதமர் டோனி பிளேரிடம் தொலைபேசியில் எச்சரித்ததாகப் பின்னாளில் ஈராக் போர் குறித்த பிரிட்டனின் சில்காட் விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். மார்ச் 7 அன்று, பணியை முடிக்கச் சில மாதங்கள் வேண்டும் என்றார். அவகாசம் கிடைக்கவில்லை; மார்ச் 18 அன்று ஆய்வாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர், இரு நாள்களில் போர் தொடங்கியது.

போருக்குப் பின் அமெரிக்காவே அமைத்த ஈராக் ஆய்வுக்குழு, அத்தகைய ஆயுதக் கையிருப்பு எதுவும் அங்கு இருக்கவில்லை என்று 2004இல் அறிக்கை தந்தது. பிளிக்ஸின் புகழ் இந்தச் சில மாதங்களைச் சுற்றியே நிற்கிறது என்றாலும், அவர் பணியின் நிலைத்த பயன் 1997இன் கூடுதல் நெறிமுறைதான். போரை அவரால் தடுக்க இயலவில்லை. அந்த நெறிமுறையோ இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகளில் நடைமுறையில் உள்ளது. ஆயினும் அதை ஏற்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பத்தையே சார்ந்தது. 2016 முதல் அதைக் கடைப்பிடித்துவந்த ஈரான், 2021 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது.