பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஓர் அக்கா வருவார். பெங்களூரில் அல்சூர் பக்கம் பூக்கட்டி விற்பவர். ஒரு நாள் மாலை துணிப்பையில் ஒரு லேப்டாப்பைக் கொண்டு வந்தார்.

"தம்பி, இதுல ஸ்காலர்ஷிப் பக்கம் திறக்க மாட்டேங்குது. பொண்ணு பி.யு.சி. படிக்கிறா. விண்ணப்பம் போட இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கடையில காட்டினேன். பழசு, தூக்கிப் போடுங்கன்னாங்க. இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தர்றோம்னாங்க."

"உள்ளே என்ன அக்கா இருக்கு?"

"உங்க மாமா படமெல்லாம் இருக்கு. அவரு போய் நாலு வருஷம் ஆச்சு. அவரு பேசுற வீடியோ ஒண்ணே ஒண்ணு, அதுவும் இதுலதான் இருக்கு."

அந்த லேப்டாப் வந்த கதையைக் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அக்காவின் அண்ணன் மகனுக்கு அப்படிக் கிடைத்தது. அவன் வேலைக்குப் போனதும் அத்தைக்குக் கொடுத்துவிட்டான்.

முதலில் நாங்கள் பார்த்தது தேதியை. லேப்டாப்பில் தேதி தவறாக இருந்தாலும் பல இணையப் பக்கங்கள் திறக்காது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். தேதியைச் சரி செய்தோம். அப்போதும் பக்கம் திறக்கவில்லை. காரணம் வேறு.

பேருந்து நன்றாக இருந்தாலும் ஓட்டுநர் வேண்டும் அல்லவா? லேப்டாப்புக்கும் ஓர் ஓட்டுநர் உண்டு. அதற்கு இயங்குதளம் என்று பெயர். நாம் தட்டுவதைப் புரிந்துகொண்டு இயந்திரத்தை வேலை செய்ய வைப்பது அதுதான். அக்காவின் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 7.

அதைச் செய்யும் கம்பெனி 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்குப் பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டது. இணையம் பார்க்க உதவும் குரோமும் 2023 முதல் அதற்குப் புதிய பதிப்பு தருவதில்லை. நம் வீட்டுக் குக்கர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாடலுக்கு வாஷர் கடையில் கிடைக்காது. அதே கதைதான். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் இன்னும் பல வீடுகளில் இந்தச் சிக்கல் வரும்.

விண்டோஸ் 11 போடலாமே என்று கேட்பீர்கள். அது 4 ஜிபி நினைவகம் கேட்கும். பாதுகாப்புக்கென ஒரு தனிச் சில்லும் கேட்கும். பழைய லேப்டாப்பில் அது இருக்காது.

இன்னொரு வழி லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதைத் தொடங்கினார். உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கொடுக்க வேண்டாம். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் செய்திருக்கிறது. நாங்கள் எடுத்தது லினக்ஸ் மின்ட். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற வகை பழைய லேப்டாப்புக்கு ஏற்றது. குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் நல்லது. அக்காவிடம் இருந்தது 2 ஜிபிதான். பழைய சாமான் கடையில் இன்னும் 2 ஜிபி வாங்கிச் சேர்த்தோம்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். புது இயங்குதளம் போடும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். படம், வீடியோ, சான்றிதழ், கணக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பென் டிரைவை வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தபோது அந்த வீடியோ மட்டும் திறக்கவில்லை. காப்பி பாதியில் நின்றிருந்தது. அக்காவுக்குக் கை நடுங்கியது. திரும்ப எடுத்தோம். இந்த முறை முழுதாக வந்தது.

இன்னொரு பென் டிரைவ் தனியாக வேண்டும். 8 ஜிபி போதும். லினக்ஸ் மின்டின் சொந்த இணையதளத்திலிருந்து அதை இறக்கி, இந்தப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அதற்கு ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஏற்றும்போது அந்தப் பென் டிரைவில் உள்ளதும் அழியும். படம் வைத்த பென் டிரைவை மறந்தும் இதற்குச் செருகாதீர்கள். நாங்கள் அதை அக்காவின் சுருக்குப் பையிலேயே போட்டு வைத்துவிட்டோம்.

பிறகு லினக்ஸ் பென் டிரைவைச் செருகி லேப்டாப்பைப் போட வேண்டும். போட்ட உடனே எஃப்12 அல்லது எஸ்கேப் பொத்தானைத் தட்ட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். எதிலிருந்து தொடங்க என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டினால் லினக்ஸ் திறந்துவிடும். இப்போது லேப்டாப்பில் எதுவும் மாறவில்லை. வெறும் ஒத்திகைதான். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் கேட்கிறதா, எல்லா எழுத்தும் விழுகிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை எடுத்துவிடலாம். பழையது பழையபடி இருக்கும்.

எல்லாம் சரி என்றால் நிறுவும் பொத்தானை அழுத்தலாம். தமிழ் மொழியையும் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று ஓர் இடத்தில் கேட்கும். அங்கே ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். அதற்குப் பிறகு திரும்பி வர முடியாது. சார்ஜரும் செருகியே இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் பழைய பேட்டரி தாங்காது. வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விண்டோஸுக்கு என்றே செய்த சில மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாது. கடைக் கணக்கு எழுதும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆஃபீஸ் கூடவே வரும். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் அது இயங்குதளத்தின் குற்றமல்ல. டிஸ்க்கையே மாற்ற வேண்டும்.

மறுநாள் மகள் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். அக்கா சுருக்குப் பையை அவிழ்த்துப் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். படங்களைத் திரும்ப ஏற்றினேன். வீடியோ ஓடியது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு தம்பி" என்றார்.