மஞ்சட்கருவும் வளவுப் பச்சையும்

ஏ-9 வீதியிலிருந்து நெடுங்கேணிப் பாதை பிரியும் புளியங்குளத்திலும் சரி, வன்னியின் வேறெந்த ஊரிலும் சரி, கூடக் காசு கொடுத்து ஊர்க்கோழி முட்டை வாங்குபவர் அதை உடைத்ததும் முதலில் பார்ப்பது கருவைத்தான். கடும் மஞ்சளாக, செம்மஞ்சளை நெருங்கி இருந்தால் நல்ல முட்டை. வெளிறியிருந்தால் ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம். இந்தக் கணிப்பில் பாதி உண்மை இருக்கிறது. கருவின் நிறம் கோழி எதைத் தின்றது என்பதைச் சொல்லும். முட்டையில் எவ்வளவு சத்து என்பதைச் சொல்லாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் வாங்குபவருக்கும் நட்டம், தன் கோழி காட்டும் ஓர் அடையாளத்தைத் தவறவிடும் வளர்ப்பவருக்கும் நட்டம்.

அந்த மஞ்சளைக் கோழியின் உடம்பு தானாக உண்டாக்குவதில்லை. லூட்டின், சியாசாந்தின் என்ற நிறமிகள் செடிகளில் உருவாகின்றன. பச்சை இலையில் லூட்டின் நிறைய உண்டு. இலையின் பச்சை மூடியிருப்பதால் அந்த மஞ்சள் நம் கண்ணில் படுவதில்லை. மஞ்சள் சோளனில் இரண்டுமே உண்டு. நெல், குறுணல், தவிடு, வெள்ளை இறுங்கு ஆகியவற்றில் இவை மிகச் சொற்பம். தின்ற நிறமி கொழுப்பில் கரைந்து, இரத்தத்தோடு சூலகத்துக்குப் போய்க் கருவில் படிகிறது. கருவும் ஒரே நாளில் நிரம்புவதில்லை. முட்டையிடுவதற்கு முந்திய எட்டுப் பத்து நாட்களில், வெங்காயத்தைப் போல அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்கிறது. ஆகவே இன்று முருங்கையிலை போட்டால் நாளைய முட்டை மாறாது. முழு நிறம் வர ஏறக்குறைய இரண்டு கிழமை செல்லும். மாரி மழைக்கு வளவெங்கும் புல் பூண்டு முளைக்கையில் மேய்ந்த கோழி, ஆடி ஆவணியில் தரை காய்ந்து குறுணலை நம்பியிருக்கும்போது வெளிறிய கருவையே தருகிறது. கோழி அதேதான், தீன்தான் வேறு. பூசணிக்காயும் கரட்டும் போட்டால் கரு சிவக்கும் என்பார்கள். ஆனால் அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினில் பெரும்பகுதியைக் கோழி விற்றமின் ஏ ஆக்கிவிடுகிறது. கருவுக்குப் போவது கொஞ்சமே. இதே கணக்கைக் கோழியின் உடம்பிலும் பார்க்கலாம். மஞ்சள் காலுள்ள பேடு தொடர்ந்து முட்டையிடும்போது நிறமியெல்லாம் கருவுக்கே போவதால் முதலில் அலகும் பிறகு காலும் வெளிறும். முட்டையிடுவதை நிறுத்தியபின் அந்த மஞ்சள் மெல்லத் திரும்பும்.

நிறம்தான் சத்து என்றால், நிறமில்லாத முட்டை பொரிக்கக் கூடாது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பாமர், கெம்ப்ஸ்டர் என்ற இருவர் இதைச் சோதித்து 1919 இல் வெளியிட்டார்கள். இந்த நிறமிகள் அநேகமாக இல்லாத தீனைக் கொடுத்து, விற்றமின் ஏ கிடைப்பதற்காகப் பன்றி ஈரலையும் சேர்த்துக் கோழிகளை வளர்த்தார்கள். அவை இட்ட முட்டைகளின் கருவில் மஞ்சளே இல்லை. ஆனாலும் அவற்றிலிருந்து குஞ்சுகள் பொரித்தன. மறுபுறம், கருவுக்கு நிறமூட்டுவதும் சுலபம். பண்ணைத் தீனில் செண்டுப்பூச் சாறு, சிவப்பு மிளகாய்ச் சாறு, செயற்கை நிறமி என்று ஏதேனும் சேர்த்து, அட்டை விசிறியிலுள்ள நிறங்களோடு கருவை ஒப்பிட்டுப் பார்த்து, வேண்டிய மஞ்சளை வரவழைக்கிறார்கள். 2020 இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கோழிகள் பச்சைக் கரு முட்டைகளை இட்டன. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தங்கள் தீனைக் கொடுத்துப் பார்த்தபோது கரு மஞ்சளுக்குத் திரும்பியது.

மேய்ந்த கோழியின் முட்டை உண்மையிலேயே சத்துக் கூடியதல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், புல்லில் மேய்ந்த கோழிகளின் முட்டையில் விற்றமின் ஈயும் ஒமேகா-3 கொழுப்பும் கூட்டுக் கோழிகளுடையதைப் போல இரண்டு மடங்களவில் இருந்தன. ஆனால் ஒமேகா-3 க்கு நிறம் கிடையாது. பி12 க்கும் டி க்கும் கருவின் மஞ்சளோடு தொடர்பில்லை. மேய்ச்சல் சத்தையும் தருகிறது, நிறத்தையும் தருகிறது. சாயத் தீனோ நிறத்தை மட்டும் தருகிறது. உடைத்த முட்டையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. லூட்டினும் சியாசாந்தினும் மட்டும் விலக்கு: அவை நம் விழித்திரையிலும் படிகிற நிறமிகள், முட்டைக் கொழுப்போடு சேர்ந்தால் உடம்பு அவற்றை நன்றாக ஏற்கும். ஆனால் மிளகாயால் வரும் சிவப்பு இவை இரண்டும் அல்ல. பண்ணைக் கோழியின் கரு வெளிறுவதற்கு மோசமான தீன்தான் காரணம் என்பதும் முழுச் சரியல்ல. லேயர் கோழி வருடத்துக்கு 300 முட்டையை அண்மிக்கும். ஊர்க்கோழி நூறைத் தொடுவதே அரிது. ஒரே அளவு நிறமியை மூன்று மடங்கு முட்டைகளில் பங்கிட்டால் நிறம் குறையத்தானே செய்யும்.

ஆகவே முட்டை வாங்குபவர் கருவின் நிறத்தை விட்டு, கோழி எங்கே மேய்ந்தது என்று கேட்பதே மேல். வளர்ப்பவருக்கோ நிறம் நல்ல துணை. கோடையில் கரு வெளிறினால் தினமும் ஒரு பிடி முருங்கையிலையோ பொன்னாங்காணியோ போதும். இபில்-இபில் இலையும் நிறம் தரும். அதில் மிமோசின் என்ற நஞ்சு இருப்பதால் கொஞ்சமாகவே போடவேண்டும். மாறாக, மாரியில் சுற்றிலும் பச்சை நிற்க ஒரு பேட்டின் கரு மட்டும் வெளிறினால் தீனைக் குறை சொல்லிப் பயனில்லை. குடற்புழுவோ இரத்தக் கழிச்சலோ வந்த குடல் நிறமியை உறிஞ்சாது. அந்தப் பேட்டைப் பிடித்து எடை பார்க்கவேண்டும், விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும் எச்சத்தில் இரத்தமோ புழுவோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.