கொரிய வரி வழக்குகளைத் தேடும் டூல்: தமிழ் பேசுறவங்களுக்குப் பழகின தலைவலி

கொரிய வரித் தீர்ப்பாயத்தின் முடிவுகளைத் தேடும் டூல் பற்றி இந்த வார எபிசோட்ல பேச ஆரம்பிச்சோம், பாதியிலேயே நேரம் முடிஞ்சுடுச்சு. மீதி இங்கே.

தென் கொரியாவில் வரி அலுவலகம் அனுப்பின நோட்டீஸ் தப்புன்னு நினைச்சா, நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது. நடுவில் ஒரு படி ஏறணும். பெரும்பாலானவங்க போற இடம் சேஜோங் நகரத்தில் இருக்கிற வரித் தீர்ப்பாயம். 2008ல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது, பிரதமரின் கீழ் இயங்குது. நோட்டீஸ் கைக்கு வந்து 90 நாளுக்குள் மனு போட்டாகணும். "என்னை மாதிரி கேஸ் முன்னாடி வந்திருக்கா? யார் ஜெயிச்சாங்க?"ன்னு ஒருத்தர் தேடி அலையறது அந்த 90 நாளில்தான்.

கோர்ட் தீர்ப்புகளை மட்டும் தேடினா போதாதா? போதாது. தீர்ப்பாயத்தில் வரி கட்டுறவர் தோத்தா கோர்ட்டுக்குப் போகலாம். வரி அலுவலகம் தோத்தா போக முடியாது, கதை அங்கேயே முடிஞ்சுது. அப்படின்னா, மக்கள் இங்கேயே முழுசா ஜெயிச்ச கேஸ் எதுவும் கோர்ட் பக்கம் எட்டிப் பார்க்காது. கோர்ட் தீர்ப்புகளை மட்டும் படிச்சவர், ஜெயிக்க வேண்டிய கேஸைக் கூட விட்டுட்டுப் போயிடலாம். இந்த டூல் தேவைப்படுறதுக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம்.

கொரிய அரசின் சட்டத் தகவல் மையம் இந்த முடிவுகளை ஓப்பன் ஏபிஐ வழியா தருது. அதை ஏஐ சாட்பாட்டோட இணைக்கிற வேலையை எம்சிபி செய்யுது (2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை). டூலுக்கு அடிப்படையில் ரெண்டே வேலை: வார்த்தை கொடுத்தா பட்டியல் தரணும், பட்டியலில் ஒண்ணைக் காட்டினா முழு முடிவையும் எடுத்துத் தரணும்.

ரெண்டும் சுலபம் மாதிரி தெரியுதா? கொரிய மொழி விடாது.

கொரியனும் தமிழ் மாதிரி ஒட்டுநிலை மொழி. நாம வரி, வரியை, வரிக்குன்னு சொல்ற மாதிரி, அவங்க "செகும்"னு சொல்ற வரி, வாக்கியத்துல "செகுமி", "செகுமுல்"னு வால் ஒட்டிக்கிட்டு வரும். முழுச் சொல்லை அப்படியே பொருத்திப் பார்க்கிற சர்ச் இதில் பலதைத் தவற விடும். தமிழ்ல கூகுள் பண்ணிப் பார்த்தவங்களுக்கு இந்த வலி தெரியும். அதோட கூட்டுச்சொல் வேற. சொத்து வித்த லாபத்துக்கான வரி "யாங்டோசோடுக்செ": கைமாற்றம், வருமானம், வரி, மூணும் ஒட்டின ஒரே சொல். நடுவில் இடைவெளி விட்டு எழுதுறவங்களும் உண்டு. அதனால சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கிற மென்பொருள் தேவைப்படுது. எலாஸ்டிக்சர்ச்ல இதுக்காகவே "நோரி"ன்னு ஒரு பிளகின் இருக்கு.

பிரிச்சாலும் இன்னொரு பள்ளம் இருக்கு. சாதாரண ஆள் வீட்டை "ஜிப்"னுதான் சொல்வார், தீர்ப்பாயம் "ஜுதேக்"னு எழுதும். அம்மா "வீடு"ன்னு சொல்றதை பத்திரத்தில் "குடியிருப்பு"ன்னு போடுற மாதிரி. ஏஐ உண்மையிலேயே உதவுறது இந்த இடத்தில்தான்: உங்க பேச்சுச் சொல்லைச் சட்டச் சொல்லாக மாத்தித் தேட அதுக்குத் தெரியும்.

நான் சோதிச்சுப் பார்த்தது ஆஃபீஸ்டெல் விவகாரம் (கே-டிராமா பார்க்கிறவங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க). காகிதத்தில் அது ஆபீஸ், உள்ளே ஆள் குடியிருப்பாங்க. கொரியாவில் ஒரு குடும்பத்துக்கு ஒரே வீடு இருந்து, அதை ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா, பொதுவா 120 கோடி வொன் விலை வரைக்கும் லாப வரி கிடையாது. அந்தச் சலுகையை நம்பி ஒருத்தர் வீட்டை விக்கிறார். வரி அலுவலகம் வந்து, "உங்க ஆஃபீஸ்டெல்ல ஆள் குடியிருந்தாங்க, அதனால உங்களுக்கு ரெண்டு வீடு"ன்னு சொன்னா? பெயர் என்னன்னு பார்க்காம நிஜப் பயன்பாட்டைப் பார்க்கிறது அவங்க வரிச் சட்டத்தின் கொள்கை. அதனால வாடகை ஒப்பந்தம், குடியிருந்தவரின் முகவரிப் பதிவு, கரண்ட் பில் எல்லாம் சாட்சிக்கு வரும்.

ஒரே கேள்விக்கு ரெண்டு பக்கமும் முடிவு வர்ற விஷயம் இது. "ஜெயிப்பேனா?"ன்னு சாட்பாட்கிட்ட கேட்டா அது சரளமா ஏதாவது சொல்லும், இல்லாத கேஸ் நம்பரைக் கூட சொல்லலாம். 2023ல் நியூயார்க்கில் ரெண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனை பண்ணின வழக்குகளைக் கோர்ட்டில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. அதனால டூலோட ரெண்டாவது வேலையை விடாதீங்க, நம்பரைக் கொடுத்து முழு முடிவையும் எடுக்க வையுங்க. நம்பர் "ஜோசிம்"னு ஆரம்பிக்கும், அடுத்து வருஷம், பெரும்பாலும் பகுதியைக் குறிக்கிற ஓரெழுத்து, வரிசை எண். 2008க்கு முந்தினதுன்னா "குக்சிம்". (சாதாரண கொரியனில் "ஜோசிம்"னா "ஜாக்கிரதை". பொருத்தம்தான்!)

அப்படி எடுக்கும்போது நான் முதல்ல "கிகாக்"னு முடிஞ்சதைத்தான் கேட்பேன், அதாவது மனு தள்ளுபடி ஆனவை. எந்தக் காகிதம் இல்லாததால அந்த மனுதாரர் தோத்தார்னு அதில் எழுதியிருக்கும். 90 நாளில் இன்னும் 60 மிச்சம் இருக்கிறவர் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துடலாம்.