ஐஸ்கிரீமை எடை போட்டுப் பாருங்கள்

"அந்தக் காலத்து ஐஸ்கிரீமின் ருசியே வேறு" என்று வீட்டுப் பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிஸ்கட், கேக், மிட்டாய் எல்லாவற்றைப் பற்றியும் இதே புகார்தான். வயதாக ஆக நாக்கின் கூர்மை குறைகிறது என்பது உண்மையே. எப்போதோ ஒருமுறை கிடைத்த பண்டம் நினைவில் கூடுதலாக இனிக்கும் என்பதும் உண்மையே. ஆனால் பழி முழுவதையும் நாக்கின் மேல் போட்டுவிட முடியாது. பண்டமும் மாறித்தான் இருக்கிறது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தராசும் அளவுக் குவளையும் போதும். ஐஸ்கிரீமை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒருவர், பிள்ளைகளுக்காகக் கடையில் ஒரு பெட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டது ஐஸ்கிரீம். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி, வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று பெயர் பெறும் பண்டத்தில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ கொழுப்போ சேர்த்தால் அது 'ஃப்ரோசன் டெசர்ட்'. பால் கொழுப்பு விலை அதிகம். இறக்குமதியாகும் பாமாயில் மலிவு. மாற்றத்திற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கொழுப்பு மாறினால் ருசி ஏன் மாற வேண்டும்? பால் கொழுப்பு ஒரே பொருள் அன்று. வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகும் பல கொழுப்புகளின் கலவை. அதில் பெரும்பகுதி வாயின் சூட்டிலேயே உருகி, தன்னுள் கரைந்திருக்கும் மணப்பொருள்களை வெளிவிடுகிறது. தாவரக் கொழுப்புகள் பலவகை. தேங்காய் எண்ணெய் 25 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். பாமாயிலிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டியரின் என்ற கெட்டிப் பகுதியோ 44 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் வாயில் அந்தச் சூடு ஏது? அதனால்தான் சில மலிவான கேக்குகளின் 'கிரீம்' மெழுகுபோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மேலும், சுத்திகரிப்பின்போது நீராவி செலுத்தி எண்ணெயின் வாசனையை நீக்கிவிடுகிறார்கள். பாலின் மணம் போன இடத்தை வெனிலா எசன்ஸ் ஒன்றே நிரப்பியாக வேண்டும்.

இதில் நியாயம் தவறவும் கூடாது. 2017-ல் அமுல் வெளியிட்ட விளம்பரம், ஃப்ரோசன் டெசர்ட் என்றால் வனஸ்பதி என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது என்று இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றமும் விளம்பரத்திற்குத் தடை விதித்தது. ஃப்ரோசன் டெசர்ட் விஷமும் அல்ல, சட்டவிரோதமும் அல்ல. பெயரைப் பெரிய எழுத்தில் போடட்டும் என்பதே என் கட்சி.

இனி, விலை கொடுத்து நாம் வாங்கும் இன்னொரு பொருளைப் பார்ப்போம்: காற்று. கலவையை உறைய வைக்கும்போதே கடைந்து காற்றைப் புகுத்துகிறார்கள். இது ஏமாற்று வேலை அன்று. காற்றே இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும், கரண்டி வளையும். எவ்வளவு காற்று என்பதுதான் கேள்வி. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. காற்றுப் புகாத கலவை லிட்டருக்குச் சுமார் 1100 கிராம் இருக்கும். 525-ஐ 1100-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.48 வரும். அதாவது ஒரு லிட்டர் பெட்டியில் 480 மில்லிலிட்டர் கலவையும் 520 மில்லிலிட்டர் காற்றும் இருந்தாலும் சட்டப்படி சரியே! பாதிக்கு மேல் காற்று என்றால், ஒரு கரண்டியில் பாலும் பாதி, சர்க்கரையும் பாதி, ருசியும் பாதிதானே?

நீங்களே சோதிக்கலாம். 100 மில்லிலிட்டர் கப் ஒன்றை வாங்கி, தராசில் வைத்து எடை பாருங்கள். காலிக் கப்பின் எடையைக் கழித்துவிடுங்கள். 53 கிராமா, 75 கிராமா? பிறகு உருகவிட்டு, நுரை அடங்கும்வரை இலேசாகச் சூடாக்கி, அளவுக் குவளையில் ஊற்றுங்கள். மட்டம் எங்கே நிற்கிறது? இரண்டு கம்பெனிப் பெட்டிகளை ஒப்பிடும்போது லிட்டர் விலையைப் பார்க்காதீர்கள். கிராம் விலையைக் கணக்கிடுங்கள். பெட்டியில் இரண்டு அளவும் அச்சிட்டிருந்தால் தராசுகூட வேண்டாம்.

கொழுப்பும் காற்றும் தொழிற்சாலையில் முடிவாகின்றன. மூன்றாவது கெடுதல் வழியில் நேர்கிறது. நல்ல ஐஸ்கிரீமில் உள்ள பனிப் படிகங்கள் ஏறத்தாழ 50 மைக்ரானுக்குள் இருக்கும். நாக்கு அவற்றைத் தனித்தனியே உணராது. அதைவிடப் பெருத்தால் மணல்போல் நறநறக்கும். சர்க்கரை கரைந்திருப்பதால் நீரின் உறைநிலை தாழ்கிறது. ஆகவே மைனஸ் 18 டிகிரியிலும் ஐஸ்கிரீமில் உறையாத நீர் கொஞ்சம் இருக்கும். வெப்பநிலை சற்று ஏறினால் மேலும் கொஞ்சம் பனி உருகும். சிறிய படிகத்தின் உருகுநிலை பெரியதன் உருகுநிலையைவிடச் சற்றுக் குறைவு என்பதால் முதலில் மறைவது சிறியவையே. மீண்டும் குளிரும்போது அந்த நீர் புதிய படிகமாவதில்லை. எஞ்சியிருக்கும் பெரிய படிகங்களின் மேல் படிந்து அவற்றை இன்னும் பெரிதாக்குகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் இதே கதை.

கும்மிடிப்பூண்டியின் மே மாத வெயிலை எண்ணிப் பாருங்கள். கடையில் பெட்டியின் மூடி நிமிடத்திற்கு ஒருமுறை திறக்கிறது. நடுவில் மின்சாரமும் போய்விடுகிறது. தரமான சரக்கும் ஒரே வாரத்தில் நறநறக்கத் தொடங்கலாம். இதைத் தாமதப்படுத்தவே கொத்தவரை இனத்து விதையிலிருந்து கிடைக்கும் குவார் கோந்தைச் சேர்க்கிறார்கள். லேபிளில் அதன் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்தமுறை வாங்கும்போது மூடியைத் திறந்ததும் உட்புறம் பாருங்கள். முள்முள்ளாகப் பனி பூத்திருந்து, ஐஸ்கிரீம் விளிம்பைவிட்டுச் சுருங்கி உள்வாங்கியிருந்தால், அது வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கக் கூடும். கடைக்காரரிடம் பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கும்.