பேசினதுக்கு என்ன சாட்சி?



ஹாம் ரேடியோ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. தேர்வு எழுதி அரசு உரிமம் வாங்கியவர்கள், செல்போன் டவர் எதுவும் இல்லாமல், சொந்த வயர்லெஸ் கருவியிலேயே உலகம் முழுக்கப் பேசும் பொழுதுபோக்கு அது. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு ஹாம். போன வாரம் அவரிடம், "ஜப்பான்காரரோட பேசினேன்னு சொல்றீங்களே, அதுக்கு என்ன சாட்சி தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். கோபப்படுவார்னு நினைச்சேன். சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாக அட்டைகள்!

இதுதான் கியூ.எஸ்.எல். அட்டை. தந்திக் காலத்துக் குறியீடான கியூ.எஸ்.எல். என்பதற்கு, "நீங்கள் அனுப்பியது கிடைத்தது" என்று பொருள். இருவரின் அழைப்புக்குறி, தேதி, நேரம், அலைவரிசை, பேச்சா மோர்ஸா, சிக்னல் எப்படிக் கேட்டது, இத்தனையும் அட்டையில் இருக்கணும். நேரம் மட்டும் நம்ம ஊர் நேரம் இல்லை, உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தில் 5.30 மணி நேரத்தைக் கழிக்கணும். காலை 4 மணிக்குப் பேசினால் தேதியே முந்தின நாளாகிவிடும்! ஆரம்பத்தில் தாத்தா இதை மறந்துபோய் எழுதி, "என் குறிப்பேட்டில் இப்படி ஒரு பேச்சே இல்லை" என்று அட்டை திரும்பி வந்ததாம்.

சாட்சி எதற்கு? அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். தரும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கு, குறைந்தது 100 நாடுகள் அல்லது தனிப் பகுதிகளுடன் பேசியதை நிரூபிக்கணும். வாய் வார்த்தை செல்லாது.

அட்டையை நேரே தபாலில் அனுப்பலாம், செலவு அதிகம். ஒவ்வொரு நாட்டுச் சங்கத்தின் கியூ.எஸ்.எல். பியூரோ வழியாக மொத்தமாகவும் அனுப்பலாம். செலவு குறைவு, ஆனால் வந்து சேர வருஷக்கணக்காகும்.

அதனால்தான் 2003-இல் ஏ.ஆர்.ஆர்.எல். 'லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு' என்ற இணையக் குறிப்பேட்டைத் தொடங்கியது. இருவரும் தத்தம் குறிப்பை மின் கையெழுத்துடன் அனுப்பணும். அழைப்புக்குறி, அலைவரிசை, பேசிய முறை மூன்றும் ஒத்துப்போய், நேரமும் 30 நிமிடத்துக்குள் பொருந்தினால் கணினியே உறுதி செய்துவிடும். ஒருவர் மட்டும் அனுப்பினால் செல்லாது. அட்டை அச்சடிக்க வேண்டாம், தபால்தலையும் வேண்டாம்.

அப்போ அட்டை வீணா? 2024 மே மாதம் ஏ.ஆர்.ஆர்.எல். கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்து, ஜூலை 1 வரை அந்தக் குறிப்பேடு முடங்கிக் கிடந்தது. தாத்தாவின் பிஸ்கட் டப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை! (கரையான் பயம் உண்டு.)

கடைசியாக ஒரு ரஷ்ய அட்டையைக் காட்டினார். பேசி மூன்று வருஷம் கழித்து வந்ததாம். "இது வர்றதுக்குள்ள அவர் 'சைலன்ட் கீ' ஆயிட்டாருப்பா" என்றார். இறந்துபோன ஹாமை அப்படித்தான் சொல்வார்களாம். 'மௌனமான தந்திச் சாவி' என்று அர்த்தம். அட்டையில் அவர் பேனாவால் எழுதிய எழுத்து மங்காமல் இருந்தது.

என் கருத்து: விருதுக்குக் கணினி, நினைவுக்கு அட்டை. ஆனால் எதுவானாலும் முதலில் நம்ம நோட்டில் நேரத்தைச் சரியாக எழுதணும். அது தப்பானால் இரண்டுமே உதவாது.

தெரியுமா? நம் நாட்டில் 12 வயது நிரம்பினாலே ஹாம் தேர்வு எழுதலாம். நம்ம வகுப்பிலிருந்து யார் வர்றீங்க?

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்