பல் வைத்தியத்தில் மயக்க மருந்தும் அதன் செலவும்

பல் பிடுங்குவதற்கு ஒரு கட்டணமும், மயக்கம் கொடுப்பதற்கு வேறொரு கட்டணமும் பட்டியலில் எழுதியிருப்பதைக் கண்டு அங்கத்தினர் சிலர் திகைக்கின்றனர். வலியின்றிச் செய்வது வைத்தியரின் கடமையல்லவா, அதற்குத் தனிப்பணம் எதற்கு என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் வலியைப் போக்குவது வேறு. அச்சத்தைத் தணிப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், எந்தப் பணம் அவசியமானது என்பது விளங்கும்.

வலியைப் போக்குவது ஈற்றில் போடப்படும் மரப்பு ஊசி. இதற்குப் பெரிதும் பயன்படும் லிக்னோகேயின் என்னும் மருந்து, 1943-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் உருவாக்கப்பட்டது. ஊசி போட்ட இடம் மரத்துப்போகும், நினைவு மாறாது. சொத்தைப் பல்லை எடுப்பதற்கும், வேர் சிகிச்சைக்கும் பெரும்பாலோர்க்கு இதுவே போதும். இதன் செலவு சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்கிவிடுவது வழக்கம்.

மயக்கம் என்பது அதற்கு மேற்பட்டது. அதில் படிகள் உண்டு. முதற்படி, மூக்கின் வழியே பிராணவாயுவுடன் கலந்து சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு. அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், 1844-இல் இவ்வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே எடுக்கச் செய்துகொண்டார். வாயுவை நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவு வந்துவிடும். அடுத்தது மாத்திரை. அதற்கும் அடுத்தது, இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து. கடைசிப்படி, மருத்துவமனையில் கொடுக்கும் முழு மயக்கம். படி ஏற ஏறச் செலவும் ஏறும்.

ஏன் ஏறுகிறது? மருந்தின் விலையால் மட்டுமன்று. மயக்கத்தில் மூச்சு தளரக்கூடும். ஆகவே பல்லில் கைவைத்திருப்பவரைத் தவிர, நோயாளியின் மூச்சையும் நாடியையும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் பார்த்துக்கொண்டிருக்கத் தேர்ச்சி பெற்ற மற்றொருவர் வேண்டும். ஆழ்ந்த மயக்கத்திற்கு மயக்க மருந்து நிபுணரே வர வேண்டும். நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்தக் காவலுக்குரிய கூலியே. இதில் பேரம் பேசி ஆளைக் குறைப்பது ஆபத்து. குழந்தைகள் விஷயத்தில் மிகமிக ஆபத்து.

இது யாருக்குத் தேவை? அடங்கியிராத சிறு குழந்தைகள், மனவளர்ச்சி குன்றியோர், கருவி வாயில் பட்டதும் குமட்டுவோர், எலும்பில் புதைந்த ஞானப்பற்களை எடுத்துக்கொள்வோர், அச்சத்தால் ஆண்டுக்கணக்காக வைத்தியரையே நாடாதிருப்போர் ஆகியோர்க்குத் தேவைப்படலாம். ஏனையோர் வைத்தியரிடம் விளக்கம் கேட்டபின் முடிவு செய்வது நலம்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் தவறு. நம் நாட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை, விபத்தினால் நேர்ந்த காயம் நீங்கலாகப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. சிகிச்சையை ஏற்காதபோது அதற்குரிய மயக்கச் செலவையும் ஏற்பதில்லை. பட்டியலில் வராத செலவும் உண்டு. மாத்திரையோ ஊசியோ கொண்டு மயக்கம் பெற்றவர், மறுநாள் வரை விசைத்தறியிலோ பம்புசெட்டிலோ கைவைக்கலாகாது, வண்டி ஓட்டலாகாது. வீட்டிற்கு அழைத்துச் செல்லத் துணையும் வேண்டும். ஆக, இருவருடைய ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாற்காலியில் அமருமுன் அங்கத்தினர்கள் இவற்றைக் கேட்டறிய வேண்டும்: மரப்பு ஊசி மட்டும் போதாதா? எந்தப் படி மயக்கம்? காவலிருப்பவர் யார்? கட்டணம் மணிக்கணக்கிலா, ஒரு தடவைக்கா? எத்தனை மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும்? பல பற்களுக்கு வேலையிருந்தால், ஒரே தடவையில் முடிக்க இயலுமா என்றும் கேட்கலாம். நிபுணர் இரண்டு முறை வரும் செலவு மிச்சமாகும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிப்பது நன்று.

எல்லாவற்றிலும் பெருஞ்செலவு தாமதமே. சீழ் வைத்து வீங்கிய பல்லில் மரப்பு ஊசி சரிவர வேலை செய்யாது. சிறிய ஊசியோடு முடிந்திருக்க வேண்டியது பெரிய ஏற்பாட்டில் போய் முடியும். அதற்கென வட்டிக்கடை ஏறும் நிலையும் வரும். பல் கூசத் தொடங்கும்போதே வைத்தியரைக் காண்பதுதான் சிக்கனம்.